தோமஸ் மூரின் வீட்டுப் பள்ளிக்கூடம்

இங்கிலாந்தின் அரசன் எட்டாம் ஹென்றியின் கட்டளைக்குப் பணிய மறுத்துத் தலையைக் கொடுத்த வேதசாட்சியாகவே புனித தோமஸ் மூரை நம்மிற் பலரும் அறிவோம். அதே காரணத்துக்காக அவருக்கு இரண்டு கிழமைக்கு முன் உயிர் கொடுத்த ஆயர் யோன் பிஷரோடு சேர்த்து, யூன் 22ஆந் திகதி அவர் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகிறது. ஆயினும் வெட்டுமேடைக்கு ஏறுமுன் முப்பது வருட காலம் அவர் ஒரு குடும்பஸ்தர். தம் பிள்ளைகளை வீட்டிலே வைத்துப் படிப்பித்த தகப்பன். அந்தக் கதை நம் பெற்றோருக்கு அதிகம் தெரியாது. வேதசாட்சியின் முடிவு இந்த வீட்டுப் படிப்போடு பின்னிக்கிடப்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மூர் 1478ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலண்டன் நகரிலே பிறந்தார். தகப்பனார் யோன் மூர் சட்டத்தரணி, பின்னர் நீதிபதியானவர். மகன் புனித அந்தோனியார் பெயரால் விளங்கிய பாடசாலையிற் படித்து, மோற்றன் என்னும் பேராயரின் மாளிகையில் ஏவற் சிறுவனாய் இருந்து, ஒக்ஸ்போர்ட்டில் இரண்டு வருடம் இலக்கியம் பயின்று, தந்தையின் விருப்பப்படி சட்டம் கற்கத் திரும்பினார். சட்டம் படித்த நாட்களில் மனம் முழுவதும் துறவு வாழ்விலேயே இருந்தது. இலண்டனிலுள்ள கார்த்தூசியன் மடத்தின் அருகே ஏறக்குறைய நான்கு வருடம் தங்கி, அந்தத் துறவிகளோடு செபித்தும் தவஞ்செய்தும் பார்த்தார். முடிவில் தமக்குரிய அழைத்தல் இல்லறமே என்று தெளிந்து 1505ஆம் ஆண்டளவில் ஜேன் கோல்ற் என்னும் பெண்ணைக் கைப்பிடித்தார். மடத்தை விட்டாரேயன்றி அங்கே பழகிய விடியற்காலைச் செபத்தையும், சட்டைக்குள்ளே மறைவாய் அணிந்த மயிராடையையும் விடவில்லை.

ஜேன் நாட்டுப்புறத்துப் பெண். எழுத்தும் இசையும் அவளுக்கு மூரே கற்பிக்கத் தொடங்கினார். ஆகவே அந்த வீட்டின் முதல் மாணவி மனைவிதான் என்று சொல்லலாம். மார்கிரட், எலிசபெத், சிசிலி, யோன் என நாலு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு 1511ஆம் ஆண்டில் அவள் மரித்துப்போனாள். மூத்தவளுக்கு ஆறு வயதிருக்கும். கடைசிப் பையனுக்கு இரண்டு. ஒரு மாதத்துக்குள்ளே மூர், தம்மிலும் வயதில் மூத்த அலிஸ் என்னும் விதவையை மணம் முடித்தார். ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தாயற்ற நாலு குழந்தைகளுக்கு ஒரு தாய் வேண்டும் என்பதே அவர் கண்ட நியாயம். அலிஸ் வாய்த் துடுக்கும் வீட்டு நிர்வாகத் திறமையும் ஒருங்கே படைத்தவள். அவளையும் மூர் விட்டுவைக்கவில்லை. நடுத்தர வயதில் அவள் யாழும் வீணைபோன்ற வாத்தியங்களும் குழலும் பழகி, நாளாந்தம் அந்தப் பாடத்தைக் கணவனுக்கு ஒப்புவித்தாள் என்று நண்பர் எராஸ்முஸ் வியந்து எழுதியிருக்கிறார்.

அக்காலத்தில் ஆண்பிள்ளைகளுக்கு இலக்கணப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் இருந்தன. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவுகள் அடைத்தே கிடந்தன. பிரபுக்களின் பெண்கள் தையலும், கொஞ்சம் வாசிப்பும், செபப் புத்தகமும் அறிந்தாற் போதும் என்பதே பொது எண்ணம். மூருக்கோ மூன்று பெண்கள். அலிசின் முதற் கணவனுக்குப் பிறந்த மகள் ஒருத்தி. தாயை இழந்ததனால் அவர் எடுத்து வளர்த்த மார்கிரட் கிக்ஸ், அவர் பொறுப்பில் விடப்பட்ட ஆன் கிறெசேக்கர் என்னும் பிள்ளைகளும் அங்கே வளர்ந்தார்கள். இவர்களெல்லாரையும் ஒரே மகன் யோனுடன் சமமாக இருத்தி, இலண்டன் பக்லஸ்பரி வீதியிலிருந்த தம் வீட்டிலேயே படிப்பு நடத்த அவர் தீர்மானித்தார். இலத்தீன், கிரேக்கம், தருக்கம், கணிதம், வானசாஸ்திரம், வேதாகமம், திருச்சபைப் பிதாக்களின் நூல்கள் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. யோன் கிளெமென்ற், வில்லியம் கொனல், றிச்சட் ஹேர்ட் முதலிய ஆசிரியர்களை வீட்டோடு வைத்துக்கொண்டார். பவேரியா நாட்டவரும் அரசனின் வானசாஸ்திரியுமான நிக்கலஸ் கிறற்சர் நட்சத்திரங்களைக் காட்டிக் கொடுத்தார். துருவ நட்சத்திரத்தை மட்டுமல்ல, சூரியனையும் சந்திரனையும்கூட வேறுபிரித்து அறியும் அளவுக்குத் தேறிவிட்டீர்களே என்று தகப்பன் கடிதத்திலே பகிடி பண்ணுவார்.

ஆசிரியர்களிடம் ஒப்படைத்துவிட்டு மூர் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. அரச அலுவலாய் அவர் அடிக்கடி வெளியூர் போவார். எங்கே போனாலும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் நாளுக்கொரு கடிதம் எழுத வேண்டும் என்பது சட்டம். எழுத ஒன்றுமில்லை என்ற சாட்டுச் செல்லாது. எழுத ஒன்றுமில்லை என்பதையே நீளமாக எழுதலாம், அதிலும் பெண்கள் ஒன்றுமில்லாததைப் பற்றி நெடுநேரம் பேச வல்லவர்களல்லவா என்று கேலி செய்வார். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு இலத்தீனில் மாற்றி, பிழை பார்த்து, நல்ல பிரதி எழுதி, அதையும் ஒரு தடவை பார்த்தே அனுப்ப வேண்டும். யோன் சகோதரிகளைப்போலக் கூர்மையானவனல்லன் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு முறை எல்லாருடைய கடிதங்களிலும் அவனுடையதே தமக்கு அதிக மகிழ்ச்சி தந்தது, அது நீளமானது, பாடுபட்டு எழுதப்பட்டது என்று மூர் எழுதினார். பின்தங்கிய பிள்ளையை வைத்திருக்கும் தகப்பன்மார் இந்த ஒரு கடிதத்தை நினைவில் வைத்தாற் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மழையிலும் சேற்றிலும் குதிரையேறிச் சென்றபோது அவர் மனதிலே கட்டிய இலத்தீன் பாட்டொன்று பிள்ளைகளுக்கு அனுப்பப்பட்டது. அதில், தாம் எத்தனை முறை அவர்களை முத்தமிட்டார், எத்தனை அபூர்வமாய் அடித்தார் என்பதை நினைவூட்டுகிறார். அடித்த பிரம்பும் மயிலிறகுதானாம்! பிரம்பில்லாமற் பள்ளிக்கூடமே இல்லை என்றிருந்த காலமது. மார்கிரட் ஒரு தடவை வெட்கப்பட்டுக் காசு கேட்டு எழுதியபோது, கேட்ட தொகையை மாத்திரம் சரியாக அனுப்பினார். கூடக் கொடுக்க மனமிருந்தும், மகள் மறுபடியும் கேட்டுக் கெஞ்சி எழுதும் கடிதத்தை இழக்க மனமில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பெண்களுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்ற கேள்வி எழாமலில்லை. 1518ஆம் ஆண்டளவில் கொனலுக்கு எழுதிய கடிதத்தில் மூர் தம் எண்ணத்தைத் தெளிவாக வைத்தார். அறுவடைக்கு ஆண் விதைத்தானா பெண் விதைத்தாளா என்ற பேதமில்லை. பகுத்தறிவு இருவருக்கும் ஒன்றே. பெண்ணின் மனம் பயிரைவிடப் பன்னச் செடியையே அதிகம் முளைக்கவிடும் நிலம் என்று சிலர் சொல்வது உண்மையானால், அந்த நிலத்தையல்லவா அதிகமாகப் பண்படுத்த வேண்டும் என்று மடக்கினார். புனித எரோணிமுவும் புனித அகுஸ்தீனும் இளம் பெண்களுக்கு ஆழ்ந்த வேத விளக்கங்களை எழுதி அனுப்பியதையும் சாட்சிக்கு அழைத்தார்.

அதே கடிதத்திலே இன்னொன்றும் இருக்கிறது. மார்கிரட்டின் உயர்ந்த உள்ளத்தைத் தாழ்த்திவிடக் கூடாது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார் போலும். மூர் அதை மறுத்தார். அவர் பயந்தது படிப்பின்மைக்கல்ல, பெருமைக்கு. நல்லொழுக்கத்துக்கு முதலிடம், கல்விக்கு அதன் பின்னிடம். கல்வியிலும் தேவபக்தி, எல்லாரிடத்திலும் அன்பு, கிறிஸ்தவ தாழ்ச்சி ஆகியவற்றைத் தருவதே மேலானது. மனிதர் புகழ்ச்சிக்காகக் கற்கவே கூடாது. நற்காரியத்துக்குக் கூலி கடவுளிடமிருந்து வரும் என்று பிள்ளைகள் சிறுவயதிலேயே பழகிவிட்டால், மரணத்துக்கு அவர்கள் அஞ்சமாட்டார்கள் என்பதும் அவர் எழுதியதன் சாரம். இதை எழுதும்போது அவருக்கு நாற்பது வயது. அரசனின் தயவு ஏறுமுகமாய் இருந்த காலம்.

1524ஆம் ஆண்டையொட்டிக் குடும்பம் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள செல்சிக்குக் குடிபெயர்ந்தது. பெரிய வீடு, தோட்டம், பிராணிகள், ஒரு குரங்குகூட. சற்று விலகி ஒரு தனிக் கட்டிடத்தில் சிற்றாலயமும் நூலகமும் கட்டுவித்து, வெள்ளிக்கிழமைகளை மூர் அங்கே செபத்திற் கழித்தார். வீட்டிலிருக்கும் நாட்களில் இரவிலே மனைவி, மக்கள், வேலையாட்கள் எல்லாரும் ஒன்றுகூடிச் சங்கீதங்களைச் சொல்லிச் செபிப்பார்கள். மடங்களிற் போலவே சாப்பாட்டு மேசையில் மகள்மாரில் ஒருத்தி வேதாகமத்தை வாசிப்பாள்; வாசித்ததன் பொருள் என்னவென்று மூர் கேட்பார்; பேச்சு நடக்கும்; கடைசியிற் பகிடியும் வரும். பெரிய வெள்ளியன்று பாடுகளின் வரலாறு முழுவதும் வாசிக்கப்படும். சீட்டும் சூதும் அந்த வீட்டில் இல்லை. வயோதிபரான ஏழைகளுக்கென ஊரில் ஒரு வீட்டை எடுத்து, அதன் பராமரிப்பை மார்கிரட்டிடம் விட்டார். படித்த பெண் நோயாளியைப் பார்க்கவும் தெரிந்தவளாக வேண்டும் அல்லவா?

மார்கிரட் 1521ஆம் ஆண்டில் வில்லியம் றோப்பர் என்பவரை மணந்திருந்தாள். எராஸ்முஸ் கர்த்தர் கற்பித்த செபத்துக்கு இலத்தீனில் எழுதிய விளக்கத்தை அவள் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். 1524ஆம் ஆண்டு அது அச்சாகியது. அப்போது அவளுக்கு வயது 19. புனித சிப்பிரியானின் நூலொன்றிலே பிரதி எழுதினோர் விட்ட பிழையொன்றையும் அவள் கண்டுபிடித்துத் திருத்தினாள்.

இனி, இப்படி வளர்த்த வீட்டுக்கும் சோதனைகள் வந்தன. முதற் சோதனை மருமகனிடமிருந்தே வந்தது. மணமான புதிதில் றோப்பர் லூத்தரின் போதனைகளில் மயங்கி, நோன்பும் செபமும் வீண் என்று வீட்டுக்குள்ளேயே வாதிடத் தொடங்கினார். சட்டத்திலும் வேதத்திலும் தேர்ந்த மாமனார் நெடுங்காலம் வாதாடிப் பார்த்தும் பலனில்லை. ஒருநாள் தோட்டத்திலே மகளை அழைத்து, உன் கணவனோடு இவ்வளவு நாளும் பொறுமையாய்த் தருக்கித்துப் பார்த்தேன். இனித் தருக்கத்தை விட்டுவிட்டு அவனுக்காகக் கடவுளை மன்றாடப்போகிறேன் என்ற கருத்தில் பேசினார். றோப்பர் சிலகாலத்தில் மனந்திரும்பினார். மாமனாரின் வரலாற்றை எழுதி வைத்தவரும் அவரே. அதே மூர் பிற்காலத்தில் சான்சலர் பதவியிலிருந்தபோது பதிதர்மேற் கடுமை காட்டினார் என்பதையும், அக்காலத்தில் ஆறு பேர் எரிக்கப்பட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பகைவருக்கும் நன்மை நினைத்த அவர், அந்த விஷயத்தில் தம் காலத்து மனிதராகவே இருந்தார். தோட்டத்திலே நின்ற தகப்பனின் பொறுமை நீதியாசனத்தில் அவரோடு கூட ஏறவில்லையே என்று நாம் வருந்தலாம்.

அடுத்தது 1528ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பரவிய வியர்வைக் காய்ச்சல். மார்கிரட் அதில் விழுந்தாள். நினைவிழந்து உறங்கிக்கொண்டே போனாள், மரணக் குறிகள் தோன்றின, வைத்தியர்கள் கைவிட்டார்கள். மூர் தம் சிற்றாலயத்துக்குப் போய் முழந்தாளிட்டுக் கண்ணீரோடு மன்றாடினார். செபத்தின் நடுவிலே, எனிமா கொடுத்துப் பார்க்கலாமே என்ற எண்ணம் மின்னியது. எழுந்து வந்து வைத்தியரிடம் சொன்னார். தாம் இதை மறந்துபோனதற்கு அவர்கள் ஆச்சரியப்பட்டு, உறங்கியபடியே அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் விழித்துப் பிழைத்துக்கொண்டாள். செபிக்கப் போனவர் வைத்தியத்தோடு திரும்பி வந்த இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. மகள் இறந்திருந்தால் உலகக் காரியங்களில் இனித் தலையிடுவதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தாராம்.

1529ஆம் ஆண்டு அவர் அரசனோடு வெளியூரிலிருந்தபோது செல்சியில் நெற்களஞ்சியம் போன்ற தானியக் கொட்டில்கள் தீப்பற்றி எரிந்தன. அயலவர் தானியமும் போயிற்று. அலிசுக்கு அவர் உடனே எழுதிய கடிதத்தில், வீட்டார் எல்லாரையும் கோவிலுக்கு அழைத்துப் போய்க் கடவுள் தந்ததற்கும், எடுத்ததற்கும், விட்டுவைத்ததற்கும் நன்றி சொல்லும்படி கேட்டார். தம் வீட்டு நெருப்பினால் ஓர் ஏழை அயலவன் நட்டப்பட்டானென்றால், கரண்டியொன்றும் மிஞ்சாவிட்டாலும் ஈடுசெய்வதாகச் சொன்னார். அந்த ஒக்டோபர் மாதம் அவர் இங்கிலாந்தின் சான்சலரானார்.

அரசன் தன் மனைவி கத்தரினை விலக்கி ஆன் பொலினை மணக்க நினைத்ததும், பாப்பரசர் இணங்காததனால் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவனென்று நிலைநாட்டிக்கொண்டதும் நாமறிந்த சரித்திரம். 1532ஆம் ஆண்டு மே 16ஆந் திகதி மூர் பதவியைத் துறந்தார். வருமானம் அற்றுப்போயிற்று. பிள்ளைகளைக் கூட்டி, தாம் மாணவனாயிருந்த ஒவ்வோரிடத்துச் சாப்பாட்டையும் சொல்லி, படிப்படியாக இறங்குவோம். கடைசியில் ஒக்ஸ்போர்ட் மாணவர் சாப்பாடும் கட்டுப்படியாகாவிட்டால், பையைத் தூக்கிக்கொண்டு பணக்காரர் வாசலிலே எல்லாரும் கிருபை தயாபத்து மந்திரம் பாடிப் பிச்சையெடுப்போம் என்று சிரித்தார். குளிர்காலத்தில் விறகுக்கு வழியில்லாமற் காய்ந்த பன்னச் செடிகளைக் கட்டுக்கட்டாக எரித்து அதன் முன் குளிர்காய்ந்துவிட்டு அவர்கள் படுக்கைக்குப் போனதுண்டு.

1534ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆந் திகதி சத்தியப்பிரமாணஞ் செய்யும்படி அழைப்பு வந்தது. வழக்கமாய்ப் பிள்ளைகள் படகுவரை வந்து முத்தமிட்டு வழியனுப்புவார்கள். அன்று அவர் தோட்டத்துப் படலையைத் தமக்குப் பின்னே இழுத்துச் சாத்தி ஒருவரையும் வரவிடவில்லை. நாலாம் நாள் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் இருந்தார்.

இங்கேதான் வீட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கடும் பரீட்சை வந்தது. குடும்பத்தவர் சத்தியம் செய்தார்கள். மார்கிரட்டும், கடவுளுடைய சட்டத்துக்கு ஒத்த அளவில் என்ற நிபந்தனையோடு செய்தாள். அதற்குமேல், தகப்பனையும் அப்படிச் செய்யும்படி வேண்டி எழுதினாள். தமக்கு வந்த துன்பங்களிலெல்லாம் மிகக் கொடிது அன்பு மகளின் இந்தக் கடிதமே என்று அவர் பதில் எழுதினார். பின்னர் அனுமதி பெற்றுச் சிறைக்கு வந்தபோது, இருவரும் முதலில் ஏழு தவச் சங்கீதங்களையும் பிரார்த்தனையையும் சொல்லி முடித்தே பேச்சைத் தொடங்குவார்கள். அவள் கெட்டிக்காரி, தருக்கம் அவரிடமே படித்தவள். ஆயர்களும் கல்விமான்களும் செய்துவிட்டார்களே, நீர் ஒருவரா அவர்களிலும் அறிந்தவர் என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தாள். ஆதாமிடம் வந்த ஏவாளைப்போல வந்திருக்கிறாய் என்று அவர் சிரித்தார். செய்தவர்களை அவர் ஒருபோதும் குறைகூறவில்லை. தம் ஆத்துமத்தை வேறொருவர் முதுகிலே கட்டிவிட இயலாது என்பதே அவர் பதில்.

அவள் பயந்தது அவர் சாவுக்கு மாத்திரமல்ல. சித்திரவதைக்குப் பயந்து கடைசியில் அவர் தளர்ந்துவிடுவாரோ என்றும் பயந்தாள். தாமும் பயந்தவரே என்று மூர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். காற்றைக் கண்டு தண்ணீரில் அமிழத் தொடங்கிய இராயப்பரைப்போலத் தாம் தளர்ந்தாலும், அவரைப்போலவே கிறிஸ்துவைக் கூப்பிடுவார். கிறிஸ்து கைநீட்டித் தூக்குவார் என்று நம்பினார். அதற்கும் மேலே தாம் விழுந்தே போனாலும், விழுந்த இராயப்பரை நோக்கியதுபோல் இரக்கத்தோடு தம்மையும் நோக்கி எழுப்புவார். கடவுள் விரும்பாத ஒன்றும் நடவாது, அவர் விரும்புவது கண்ணுக்கு எவ்வளவு கெட்டதாய்த் தோன்றினாலும் நல்லதே. ஆகையால் மகள் கலங்க வேண்டாம். வாதத்தில் அவள் தோற்றாள் என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் வாதாடியிராவிட்டால் அவர் நம்பிக்கையின் அடித்தளத்தை நாம் இவ்வளவு தெளிவாய்க் கண்டிருக்க மாட்டோம்.

அலிசுக்கு இதொன்றும் விளங்கவில்லை. நல்ல வீடு, தோட்டம், நூலகம் எல்லாம் இருக்க, எலிகளோடு இங்கே கிடக்கிறாரே என்று நேரில் வந்து ஏசினாள். அவர் இந்த இடமும் மோட்சத்துக்கு அவ்வளவே கிட்டத்தானே என்றார். ஏசினாளேயன்றி, அவருக்கும் வேலையாளுக்கும் சிறைச் சாப்பாட்டுக்குக் கிழமைக்கு 15 சிலின் கட்டுவதற்குத் தன் உடுப்புகளையும் விற்றாள். 1535ஆம் ஆண்டு யூன் மாதம் புத்தகங்களையும் எழுதுபொருட்களையும் பறித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் கரித்துண்டினால் எழுதினார்.

யூலை முதலாந் திகதி வெஸ்ற்மினிஸ்ரர் மண்டபத்தில் மரணத் தீர்ப்பாயிற்று. திரும்பிக் கொண்டுவரும் வழியில், கோபுரத் துறையடியில் மார்கிரட் காத்து நின்றாள். ஈட்டியும் கோடரியுமாய்ச் சூழ்ந்து வந்த காவலரை இடித்துக்கொண்டு போய், எல்லாரும் பார்க்க அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். அவர் ஆசீர்வதித்தார். சற்றுத் தூரம் போனவள் பொறுக்கமாட்டாமல் மறுபடி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள்.

யூலை 5ஆந் திகதி கடைசிக் கடிதத்தைக் கரியினால் மார்கிரட்டுக்கு எழுதினார். கடைசியாக அவள் முத்தமிட்ட விதம் தமக்கு என்றுமில்லாதபடி பிடித்ததென்றும், அன்பு உலக மரியாதைகளைப் பார்த்து நிற்காதபோது தாம் மகிழ்வதாகவும் அதில் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஆசீர்வாதம் சொல்லி, சிசிலிக்கு ஒரு கைக்குட்டை அனுப்பினார். மயிராடையும் மார்கிரட்டிடம் போய்ச் சேர்ந்தது. வளர்ப்பு மகள் மார்கிரட் கிக்ஸ் அப்போது பழைய ஆசிரியர் கிளெமென்றின் மனைவி. கணக்குப் போடும் அவளுடைய கற்பலகையொன்று சிறையில் அவரிடம் இருந்திருக்கிறது. அதையும் மறவாமல் திருப்பி அனுப்பினார். மறுநாட் காலை கோபுரக் குன்றில் அவர் தலை வெட்டப்பட்டது. வீட்டாரில் அங்கே நின்றவள் இந்தக் கற்பலகைக்காரி ஒருத்தியே.

தலையை இலண்டன் பாலத்திலே கம்பத்தில் குத்தி வைத்தார்கள். ஒரு மாதம்போல் சென்றபின் மார்கிரட் அதைக் கைப்பற்றிப் பத்திரப்படுத்தினாள். இன்று அது கன்ரபரியில் புனித டன்ஸ்தன் கோவிலிலுள்ள றோப்பர் குடும்பக் கல்லறையில் இருக்கிறது. 1886ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் மூருக்கு முத்திப்பேறு பட்டமும், 1935ஆம் ஆண்டு 11ஆம் பத்திநாதர் புனிதர் பட்டமும் அளித்தார்கள்.

மார்கிரட் 1544ஆம் ஆண்டில் இறக்கும்வரை தன் பிள்ளைகளையும் வீட்டிலே வைத்தே படிப்பித்தாள். பெயர்பெற்ற கிரேக்க ஆசிரியரான றோஜர் அஸ்கமை வீட்டுக்கு அழைக்கப் பார்த்தாள். அவர் கேம்பிறிட்ஜை விட்டு வர மறுத்ததனால் வேறு ஆசிரியர்களைத் தேடிக்கொண்டாள். அவள் மகள் மேரி கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தேறினாள். மூர் கோபுரச் சிறையிலிருந்து இலத்தீனில் எழுதிய கடைசி நூல் இயேசு ஒலிவ மலைத் தோட்டத்தில் பட்ட வேதனையைப் பற்றியது. இயேசுவின்மேற் கைபோட்டுப் பிடித்த இடத்தோடு அது நின்றுவிட்டது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவள் இந்தப் பேத்தி. 1557ஆம் ஆண்டு மூரின் ஆங்கில நூல்கள் எல்லாம் ஒரே தொகுதியாக அச்சானபோது அவளுடைய மொழிபெயர்ப்பும் அதிற் சேர்க்கப்பட்டது.